நோரியே தைத்த இடுப்பு உறை

மேலேயிருந்து வந்த ஸ்பேனர் என் வலது பூட்ஸை உரசிக்கொண்டு மண்ணில் குத்தி நின்றது.

சாரம் கட்டுகிறவர்களின் ஸ்பேனர், வீட்டில் சைக்கிள் ரிப்பேருக்கு வைத்திருக்கிற சமாச்சாரம் இல்லை. முழங்கை நீளம் இருக்கும். ஒரு தலை நட்டு முடுக்குவதற்கு. மறுமுனை கம்பி முறுக்குவதற்காக ஆணி மாதிரிக் கூராக இருக்கும். அந்தக் கூர்முனைதான் நாலாவது மாடி உயரத்திலிருந்து கீழே பார்த்து வந்திருக்கிறது. ஜூன் மழையில் ஊறிக் கிடந்த மண்ணில் பாதிவரை இறங்கி, இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

என் கையில் காப்பி டின் இருந்தது. லாரியிலிருந்து குழாய்க் கட்டுகளை இறக்கிக் கொடுத்துவிட்டு, இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னாலேயே திருட்டுத்தனமாகத் திறந்திருந்தேன். அதைக் கீழே போடக்கூட எனக்குத் தோன்றவில்லை. தலையில் ஹெல்மெட் இருந்தது, சரி. தோளுக்கும் முதுகுக்கும் யார் ஹெல்மெட் போடுகிறார்கள்? ஒரு வாய் காப்பிக்காக அரை அடி முன்னால் சாய்ந்திருந்தால், இசுருகி என்று ஒருத்தி சஞ்சோ ஊரில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தாள் என்று மற்றவர்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. அந்த நேரத்தில் அதெல்லாம் தோன்றுமா? "ஐயையோ" என்று ஒரு கத்தல் கேட்டது. அது என் குரல்தான் என்று பிறகு சொன்னார்கள்.

ஸ்பேனர் தனியாக வரவில்லை. தோல் உறை, அதற்குள் சுருண்டிருக்கும் கயிறு, பெல்ட்டில் மாட்டுகிற கிளிப் என்று குடும்பத்தோடு வந்திருந்தது. உறையைப் பார்த்ததும் எனக்கு இரண்டாவது முறை தூக்கிவாரிப் போட்டது. கறுப்புத் தோல், சிவப்பு நூல். அந்தத் தையலை இருட்டில் தடவிக்கூட நான் சொல்லிவிடுவேன். அது என் சிநேகிதி குவபாரா நோரியேயின் கைவேலை. கருவி கீழே விழவே கூடாது என்று அவள் தைத்தது.

மேலே எட்டிப் பார்த்த முகமும் தெரிந்த முகம்தான். நோரியேயின் மகன் தைச்சி. வெளுத்துப் போயிருந்தான்.

"மேல எவன்டா அது?" என்று எங்கள் மேஸ்திரி ஹொகாரி கத்திய கத்தலில் அந்தக் குடியிருப்பின் ஜன்னல்கள் எல்லாம் திறந்தன. "கிளிப்பை மாட்டாம ஏறினியா?"

"மாட்டித்தான் இருந்தேன் மேஸ்திரி."

"மாட்டினது எப்படிடா விழும்? றெக்கை முளைச்சுதா?"

"தெரியல மேஸ்திரி."

"என்ன பண்ணிட்டிருந்தே?"

"ஒண்ணுமே பண்ணல. சும்மா நின்னுட்டிருந்தேன்."

அந்தப் பதிலைக் கேட்டதும் எனக்கே பற்றிக்கொண்டு வந்தது. சும்மா நின்றானாம்! சும்மா நிற்கிறவன் இடுப்பிலிருந்து இரும்பு இறங்கி வந்து என் காலடியில் குத்துமாம். "டேய், நான் செத்திருப்பேன்டா!" என்று நானும் கத்தினேன்.

எங்கள் வழக்கம் எளிது. நட்டைக் கீழே தவறவிட்டவன் எல்லோருக்கும் காப்பி வாங்கித் தர வேண்டும். கருவியைத் தவறவிட்டவன் இறங்க வேண்டும். ஹொகாரி மேலே பார்த்து, இந்தத் தடவை கத்தாமல், "கீழ எறங்கு. பெல்ட்டைக் கழட்டு" என்றார். சாரத்தில் வேலை செய்கிறவனிடம் பெல்ட்டைக் கழட்டச் சொல்வது என்றால் வேலையை விட்டுப் போ என்று அர்த்தம்.

தைச்சி இறங்கி வந்து பெல்ட்டைக் கழட்டிக் கொடுத்தான்.

"மாட்டலன்னு ஒத்துக்க. திட்டிட்டு விட்டுடறேன்" என்றார் ஹொகாரி. அவரால் அதற்கு மேல் இறங்கிவர முடியாது.

"மாட்டினேன் மேஸ்திரி."

"அப்ப வீட்டுக்குப் போ. ஒத்துக்கிறப்ப வா."

நோரியேயைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரும்பு அரம் வெட்டுகிற குடும்பத்தில் பிறந்தவள். கட்டினவன் நீகாதா துறைமுகத்தில் வேலை என்று போனான், போனவன் போனவன்தான். பள்ளிக்கூடப் பைகளுக்குத் தோள்பட்டை தைக்கிற கம்பெனியில் பாதி ஆயுள் போனது. கம்பெனியை மூடியதும் பழைய தையல் இயந்திரம் ஒன்றை அவர்களிடமே கேட்டு வாங்கிக்கொண்டு, வீட்டிலேயே கருவிப் பைகள் தைக்க உட்கார்ந்துவிட்டாள். சிரித்த முகம், பிடிவாதக்காரி. சாப்பாட்டுக் கடைக்குப் போனால் முதலில் கண் போவது ஆண்களின் இடுப்புக்குத்தான். தப்பாக நினைக்காதீர்கள். தச்சன், ஒயர்மேன், தோட்டக்காரன் என்று யார் வந்தாலும் சட்டை நுனியைத் தூக்கி, "இந்தப் பையை எங்க வாங்கினீங்க? உக்காந்தா குத்துதா?" என்று கேட்பாள். ஒருமுறை கறி ராமென் கடையில் போலீஸ்காரரின் துப்பாக்கி உறையை நோக்கிக் கை நீட்டிவிட்டாள். அந்த மனுஷன் நூடுல்ஸோடு எழுந்து நின்றுவிட்டார். நான் அவளைத் தரதரவென்று வெளியே இழுத்துக்கொண்டு வந்தேன்.

தைச்சி அவளுக்கு ஒரே பிள்ளை. பள்ளிக்கூடத்தை விட்டான், நூடுல்ஸ் கடையை விட்டான், கத்தரிக்கோல் ஃபாக்டரியை விட்டான். எங்கே போனாலும் மூன்று மாதம். சாரத்துக்கு வந்த பிறகுதான் கால் ஊன்றினான். ஹொகாரியே ஒருமுறை, "இவன் தரையிலதான் தடுக்கி விழுவான். மேல ஏத்திட்டா பூனை" என்றார். அதை நான் நோரியேயிடம் சொன்ன நாள் அவள் இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

போன இலையுதிர் காலத்தில் ஒரு நாள், அவன் இறங்கும்போது ஸ்பேனரின் பாதுகாப்புக் கயிறு ஒரு குழாய் முனையில் மாட்டிக்கொண்டு, ஆளைச் சுண்டி இழுத்துவிட்டது. தோள்மூட்டு இறங்கிப்போனது. கருவி விழக்கூடாது என்று கட்டிய கயிறு ஆளையே விழவைக்கப் பார்த்தது. வேலியே பயிரை மேய்கிற கதை. அன்று மருத்துவமனை வாசலில் நோரியே என்னிடம், "நான் தைக்கிறேன்டி ஒண்ணு" என்றாள்.

பனிக்காலம் முழுக்க அதே வேலை. கயிறு வெளியே தொங்காது. உறைக்குள்ளேயே சுருளும், ஸ்பேனரை இழுத்தால் கூடவே வரும், விட்டால் உள்ளே போகும். உறை பெல்ட்டில் கொக்கி போட்டு நிற்கும். லாரியில் உட்காரும்போது இடுப்பில் குத்துகிறது என்று எல்லோரும் புலம்புவார்கள் அல்லவா, அதற்காகக் கையுறை போட்ட ஒற்றைக் கையாலேயே கழட்டலாம். உறையின் வெளிப்பக்கம் நாக்கு மாதிரி ஒரு தகடு இருக்கும். அதைக் கீழே அமுக்கிக்கொண்டே உறையை மேலே தூக்கினால் கழலும். அமுக்கவும் வேண்டும், தூக்கவும் வேண்டும். ஒன்றை மட்டும் செய்தால் அசையாது. வசந்தத்தில் தைச்சி அதை மாட்டிக்கொண்டு வந்தபோது, ஹொகாரியே பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு, "நாய்க்குட்டி மாதிரி ஒட்டிக்கிட்டிருக்கே" என்றார்.

அந்த நாய்க்குட்டிதான் என் காலடியில் வந்து குத்தியது.

சாயங்காலம் லாரியை நிறுத்திவிட்டு நேராக அவள் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். மண் அப்பியிருந்த உறையைத் தையல் இயந்திரத்தின் மேல் டொப்பென்று வைத்தேன். "உன் உறை இன்னைக்கு என்னைக் கொல்லப் பார்த்துச்சு" என்றேன்.

அவள் முதலில் சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் நடந்ததைச் சொல்லச் சொல்ல அவள் கை தானாக உறையைத் துடைத்துக்கொண்டிருந்தது. தையலை இழுத்துப் பார்த்தாள். ரிவெட்டைத் திருகினாள். கொக்கியை வளைத்தாள், நாக்கை அமுக்கி விட்டாள். டக் என்று சரியாகத் திரும்பியது.

"ஒண்ணுமே உடையலியேடி" என்றாள். உடைந்திருந்தால் அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று அந்தக் குரலிலேயே தெரிந்தது.

"அப்ப உன் பையன் மாட்டல."

"மாட்டினேன்னு சொல்றான்."

"சொல்லத்தான் செய்வான்."

"இல்லடி. அவன் வேலைய விட்டுட்டு வருவான், சண்டை போட்டுட்டு வருவான். எல்லாத்தையும் வாசல்ல நின்னே சொல்லிடுவான். பொய் அவனுக்கு வராது."

"எல்லா அம்மாவும் அதத்தான் சொல்லுவா."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். "அவன் சொல்றது பொய்னா, உன்னைக் கொல்லப் பார்த்தது என் பையன். நிசம்னா, கொல்லப் பார்த்தது நான். ரெண்டுல ஒண்ணுதானே? நான் எதை வேண்டிக்கணும், நீயே சொல்லு."

உள் அறையில் தைச்சி கதவைச் சாத்திக்கொண்டு இருந்தான். சாப்பாட்டுத் தட்டு வாசலில் அப்படியே கிடந்தது.

நோரியே எழுந்து, அலமாரியிலிருந்து அகலமான பெல்ட் ஒன்றை எடுத்துக் கட்டினாள். அந்த உறையை, ஸ்பேனரோடு, வலது இடுப்பில் மாட்டினாள். "விழுற வரைக்கும் கழட்ட மாட்டேன்" என்றாள்.

"தூங்கும்போதுமா?"

"தூங்கும்போதும்தான்."

சொன்னபடியே செய்தாள். அந்த வாரம் அவள் தெருவே அரண்டுபோனது. அறுபதை நெருங்குகிற ஒரு பொம்பளை இடுப்பில் இரும்பைத் தொங்கவிட்டுக்கொண்டு, பூங்காவில் பிள்ளைகள் விளையாடுகிற கம்பியில் தலைகீழாகத் தொங்கினாள். ஆற்றங்கரைப் படிக்கட்டில் ஓடி ஏறினாள், ஓடி இறங்கினாள். நெல் மூட்டையைத் தூக்கினாள், குந்தி உட்கார்ந்தாள், உருண்டாள். பக்கத்து வீட்டுக்காரி எனக்குப் போன் போட்டு, "நோரியேக்கு ஏதாவது பிடிச்சிருக்கா? கோயில்ல சொல்லி ஏதாவது பண்ணலாமா?" என்று கேட்டாள். உறை விழவில்லை. அது விழாத ஒவ்வொரு நாளும் மகன் பொய்யன் என்பது உறுதியாகிக்கொண்டே வந்தது. வேறு எந்தத் தாயும் தன் வேலை நன்றாக இருப்பதற்காக இப்படிக் கலங்கியிருக்க மாட்டாள். போனில் குரல் ஒடுங்கிக்கொண்டே போனது. "நிக்குதுடி, இன்னமும் நிக்குது" என்பாள்.

கடைசியில் ஒரு காலை அவள் எங்கள் சைட்டுக்கே வந்துவிட்டாள். காலை உடற்பயிற்சி முடிந்து, எல்லோரும் பெல்ட்டைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். கறுப்புக் கோட்டு, கறுப்புப் பாவாடை, கையில் மூங்கில் இலையில் கட்டிய கொழுக்கட்டைப் பெட்டி. மன்னிப்புக் கேட்க வருகிற ஆளின் முழு அலங்காரம். பின்னாலேயே தைச்சி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. இருபத்தெட்டு வயசு ஆம்பளையை அம்மா கூட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்பது என்றால் அதைவிட அவமானம் வேறு உண்டா? பையன்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

சைட் கொட்டகைக்குள் ஹொகாரி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஹொகாரியின் முதுகு வளைந்து யாரும் பார்த்ததில்லை. கட்டடத்து முதலாளியே வந்தாலும் மோவாயை ஓர் அங்குலம் இறக்குவார், அவ்வளவுதான் அவருடைய வணக்கம்.

"பையன் ஒத்துக்கிட்டானாம்மா?" என்றார்.

"இல்ல மேஸ்திரி" என்றான் தைச்சி, அம்மாவுக்கு முன்னால்.

"பின்ன எதுக்குடா வந்தே?"

"அவன் சார்பா நான் வரல" என்றாள் நோரியே. "உறையைத் தைச்சவ நான். அதுக்காக வந்தேன். உங்ககிட்ட இல்ல, இசுருகிகிட்ட."

என்னைப் பார்த்துத் திரும்பினாள். நாங்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். அவளை நான் திட்டியிருக்கிறேன், அவள் என் தலைமுடியைப் பிடித்து இழுத்திருக்கிறாள். ஒருவரிடம் ஒருவர் முறையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டதே இல்லை. "ஏய், வேணாம்டி, சும்மா இரு" என்று நான் தடுப்பதற்குள் அவள் பெட்டியை மேஜையில் வைத்துவிட்டு நிமிர்ந்து நின்றாள். இரண்டு கைகளையும் தொடையின் பக்கவாட்டில் வைத்தாள். "உன் உயிருக்கு ஆபத்து வரப் பார்த்துச்சு. என்னை மன்னிச்சுடு" என்று இடுப்பை மடக்கிக் குனிந்தாள். கைகள் தொடையோடு வழுக்கிக்கொண்டு முழங்கால் வரைக்கும் இறங்கின.

கோட்டுக்குள்ளிருந்து ஏதோ நழுவியது. டமார் என்று பலகைத் தரையில் விழுந்து, உருண்டு, என் பூட்ஸில் முட்டி நின்றது.

நான் துள்ளிக் குதித்து மேஜை மேலேயே ஏறிவிட்டேன். சிரிக்காதீர்கள். ஒரே இரும்பு ஒரே காலடியில் இரண்டாவது தடவை வந்து விழுந்தால் நீங்களும் மேஜை மேல் ஏறத்தான் செய்வீர்கள். நோரியே குனிந்தது குனிந்தபடியே தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"கிளிப்பை மாட்டாமயா வந்தீங்க?" என்றார் ஹொகாரி.

"மாட்டித்தான் இருந்தேன்" என்றாள் நோரியே.

சொல்லிவிட்டு, சொன்னது என்ன என்று அவளுக்கே உறைத்தது. எங்களுக்கும் உறைத்தது. ஒரு வாரமாகத் தைச்சி சொல்லிக்கொண்டிருந்த அதே வார்த்தை.

அவள் பரபரவென்று உறையை எடுத்தாள். கோட்டைக் கழற்றி எறிந்தாள். எல்லோரும் பார்க்கும்படி பெல்ட்டில் மாட்டி, இழுத்துக் காட்டினாள். நின்றது. மறுபடி என்னைப் பார்த்துக் குனிந்தாள். கை இறங்கியது, மணிக்கட்டு நாக்கை அமுக்கியது. உடம்பு மடங்கியதும் ஸ்பேனரின் கனம் முன்னால் சரிந்து, கொக்கி தானாக வெளியே வந்தது. டமார். அமுக்க வேண்டும், தூக்க வேண்டும் என்று அவள் வைத்த இரண்டு பூட்டையும் ஒரே குனிதல் திறந்துவிட்டது. தலைகீழாகத் தொங்கிப் பார்த்தவள், உருண்டு பார்த்தவள், இதை மட்டும் பார்க்கவில்லை. வீட்டில் தனியாக இருக்கிறவள் யாரைப் பார்த்துக் குனிவாள்?

"தைச்சி" என்றாள், தரையைப் பார்த்தபடியே. "அன்னைக்கு மேல குனிஞ்சியாடா?"

"குனிஞ்சேனே. நாலாவது மாடி வீட்டம்மா வெயில் வந்துச்சுன்னு மெத்தையைக் காயப்போட்டிருந்தாங்க. என் பூட்ஸ் மண்ணு அதுல கொட்டிடுச்சு. கத்தினாங்க. நல்லாக் குனிஞ்சு மன்னிப்புக் கேட்டேன்."

"அடப்பாவி! அதை ஏன்டா அன்னைக்கே சொல்லல?" என்று கத்தினார் ஹொகாரி. "என்ன பண்ணிட்டிருந்தேன்னு எத்தனை தடவை கேட்டேன்!"

தைச்சி உண்மையாகவே புரியாமல் விழித்தான். "நீங்க என்ன பண்ணினேன்னுதானே கேட்டீங்க? மன்னிப்புக் கேக்கிறதெல்லாம் பண்றதுல சேர்த்தியா மேஸ்திரி?"

அவன் இடத்தில் இருந்தால் நாங்களும் அதைச் சொல்லியிருக்க மாட்டோம். காலையில் எழுந்ததிலிருந்து எத்தனை பேருக்கு எத்தனை முறை குனிகிறோம், கண் சிமிட்டுவதை யாராவது கணக்கில் வைக்கிறார்களா? சைட்டில் எங்களுக்குள் ஒரு தலையாட்டல்தான். அதனால்தான் வசந்தத்திலிருந்து அது விழாமலே இருந்திருக்கிறது. அடிவயிற்றிலிருந்து மன்னிப்புக் கேட்டபோதுதான் விழுந்தது.

நோரியே உட்கார்ந்து, உறையை மடியில் வைத்துக்கொண்டாள். "அப்ப நான்தான்டி" என்றாள் என்னிடம். அழுதாளா சிரித்தாளா என்று தெரியவில்லை, இரண்டுமே இருந்தது. "பையன் இல்ல. நான்தான்."

"கொல்லத்தான் பார்த்தே, ஒரு கொழுக்கட்டையாவது குடு" என்றேன். வேறு என்ன சொல்வது?

ஹொகாரி பெல்ட்டை ஆணியிலிருந்து எடுத்துத் தைச்சியின் கையில் திணித்தார். "நாளைக்கு வா" என்றார். வெளியே போய்விட்டார். அவ்வளவுதான்! ஒரு வாரம் ஒரு பிள்ளையைப் பொய்யன் என்று ஊரே பேசும்படி செய்துவிட்டு, நாளைக்கு வா! எனக்கு வந்த ஆத்திரத்தில் வெளியே போய் லாரி ஹாரனை அமுக்கிவிட்டு வந்தேன். தைச்சியோ, "பரவால்ல அத்தை, மேஸ்திரி அப்படித்தான்" என்று கொழுக்கட்டை இலையைப் பிரித்துக்கொண்டிருந்தான். குட்டக் குட்டக் குனிகிறவனும் முட்டாள், குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள் என்று அவனுக்கும் கேட்கும்படி, வெளியே நின்றவருக்கும் கேட்கும்படிச் சொன்னேன்.

மழைக்காலம் முடியும் நேரத்தில் நோரியே புது உறையோடு வந்தாள். மூன்று மணி இடைவேளை. நாக்கு இப்போது உள்பக்கம், உடம்போடு ஒட்டி இருந்தது. அமுக்கினால் ஒன்றும் ஆகாது. இரண்டு விரலை அடியில் விட்டு மேலே இழுத்தால்தான் திறக்கும். மேலேயிருந்து எந்தக் கை இறங்கினாலும் அது இன்னும் இறுகத்தான் செய்யும்.

"குனிஞ்சு காட்டுங்க" என்றாள்.

பையன்களுக்குக் கொண்டாட்டம். ஒருவன் குழாய்க் கட்டுக்குக் குனிந்தான். ஒருவன் காப்பி இயந்திரத்துக்கு. இன்னொருவன் என் லாரியைப் பார்த்து, "போன வாரம் டயர்ல எட்டி உதைச்சேன், மன்னிச்சுடுங்க லாரியம்மா" என்றான். உறை விழவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். நோரியே மட்டும் தரையில் குந்தி, ஒவ்வொருவன் இடுப்பையும் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"இதெல்லாம் குனியறதே இல்ல" என்றாள். "பாருங்க, கை பாதித் தொடையிலயே நின்னுடுது. விளையாட்டுக்குக் குனிஞ்சா அவ்வளவுதான் எறங்குது. நிசமா மன்னிப்புக் கேக்கிறவங்க கைதான் முழங்காலைத் தொடும். இந்த டெஸ்ட்டை வச்சு இதை நான் மேல அனுப்ப மாட்டேன்."

எழுந்து பாவாடையைத் தட்டிக்கொண்டாள். குரலில் ஒன்றும் இல்லை. நூல் விலை கேட்பது மாதிரிதான் கேட்டாள். "இங்க யாருக்காவது, யார்கிட்டயாவது, மன்னிப்புக் கேக்க வேண்டியது பாக்கி இருக்கா?"

அடி பாதகத்தி! எல்லோரும் சட்டென்று தங்கள் காப்பி டின்னைப் படிக்க ஆரம்பித்தார்கள். ஒருவரும் ஹொகாரியைப் பார்க்கவில்லை. அத்தனை பேரும் சேர்ந்து ஒரு ஆளைப் பார்க்காமல் இருந்தது, விரல் நீட்டிக் காட்டியதைவிட மோசமாக இருந்தது.

ஹொகாரி சிகரெட்டை டின்னுக்குள் போட்டார். அது சுர்ரென்று அணைந்தது. எழுந்து வந்து நோரியேயிடம் கையை நீட்டினார். அவள் உறையைக் கொடுத்தாள். அதை வலது இடுப்பில் மாட்டி, ஸ்பேனரைச் சொருகி, ஒருமுறை இழுத்துப் பார்த்தார். பிறகு தைச்சியின் முன்னால் போய் நின்றார். ஹெல்மெட்டைக் கழற்றித் தரையில் வைத்தார். உள்ளே தலை முழுக்க நரைத்திருப்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

தைச்சி பதறிப்போனான். "மேஸ்திரி, வேணாம், நீங்க போய்..."

"சும்மா நில்லுடா."

அந்த முதுகு வளைந்தது. நான் சத்தியமாகச் சொல்கிறேன், அது கழுத்தில் ஆரம்பித்து ஒவ்வோர் எலும்பாக வளைந்தது. கைகள் தொடையோடு இறங்கின, பாதியில் நிற்கவில்லை, முழங்காலைத் தொட்டு அதற்கும் கீழே போயின. "உன் பேச்சை நான் நம்பல" என்றார், தரையைப் பார்த்து. "தப்பு என்னோடது. மன்னிச்சுடு."

ஸ்பேனர் முன்னால் சாய்ந்து ஆடியது. கொக்கி பிடித்துக்கொண்டது.

"நிக்குது!" என்றாள் நோரியே. "நிக்குது மேஸ்திரி. போதும், எழுந்திரிங்க."

"இரும்மா" என்றார் ஹொகாரி, குனிந்தபடியே. "டெஸ்ட் இன்னும் முடியல."

தைச்சிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. பெரியவர் குனிந்து நிற்கும்போது நிமிர்ந்து நிற்க அவனுக்கு வராது. அவனும் குனிந்தான், அவரைவிடக் கீழே. அவர் நிமிரவில்லை என்று இவன் நிமிரவில்லை, இவன் நிமிரவில்லை என்று அவர் நிமிரவில்லை. இடைவேளை முடிந்த மணி அடித்தது. ஒருவரும் நகரவில்லை. பழக்க தோஷத்தில் நான் குனிந்து என் காலடியைப் பார்த்தேன். அங்கே ஒன்றும் விழுந்திருக்கவில்லை.